தராசில் தெரிந்தது, டப்பாவில் தெரியவில்லை

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது, புழுவைப் பற்றியோ உரத்தைப் பற்றியோதான் இருக்கும். இந்த முறை வந்த ஒரு கடிதம் வேறு மாதிரியானது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இன்லேண்டு லெட்டரைப் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன என்பதால் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். சில இடங்களில் 'ர'வும் 'ற'வும் இடம் மாறியிருந்தன. விஷயம் மட்டும் துல்லியமாக இருந்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுக்கிறேன்.

'ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். 60 சென்டில் கடலை, மீதியில் நெல். என் மகனுக்கு 22 வயது. பத்தாவதில் கணக்கில் பெயில். வெளியூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். தினமும் எத்தனை உருப்படி முடித்தோம் என்று சீட்டில் எழுதிக் கூட்டிப் போடச் சொன்னார்களாம். பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். மருந்து டப்பாவைக் கொடுத்து எவ்வளவு ஊற்றணும் பாருடா என்றால், போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். நான் பள்ளிக்கூடம் போகாதவள். அறிவொளியில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பத்து வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு ஏன் வரவில்லை? இனிமேல் வருமா?'

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும், சகோதரி. அதற்கு உங்களைவிடப் பெரிய சாட்சி வேறு யாரும் இல்லை.

1991-ம் ஆண்டு நான் வேளாண்மைப் பட்டப்படிப்பில் இருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்த நேரம். விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போன நானும் சில வாரங்கள் தொண்டராக உட்கார்ந்தேன். நடவுக்கும் கல் குவாரிக்கும் போய்விட்டு வந்த பெண்கள், அடுப்பு வேலையை முடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருவார்கள். பலகையில் 'அ' எழுதினால் கொட்டாவி விடுவார்கள். 'பஸ் போர்டு படிக்கச் சொல்லிக்கொடு தம்பி' என்று ஓர் அம்மா கேட்டார். அன்றைக்கு ஊர்ப் பெயர்களையே பாடமாக்கினோம். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தனக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டவர்கள் அதை மறக்கவில்லை. முப்பது வருடம் கழித்தும் உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறதே.

பத்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்குக் காரணங்கள் பல. மூன்றாம் வகுப்பில் வகுத்தல் புரியாமல் விட்டவனுக்கு, ஆறாம் வகுப்பில் தசமப் புள்ளி வந்தால் என்ன புரியும்? அவனைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுத்து கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. அப்போது ஆறாவது, ஏழாவது படித்தவர்கள்தான் இன்றைக்கு வேலை தேடும் வயதில் நிற்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' திட்டங்கள் வந்தன. பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டவர்களை அவை எட்டவில்லை.

உங்கள் மகன் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். நாட்டில் 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் 2023-ல் 'அசர்' ஆய்வு நடத்தினார்கள். அதில் சுமார் கால்வாசிப் பேரால், தங்கள் தாய்மொழியில் உள்ள இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் படிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க, பாதிக்கு மேற்பட்டவர்களால் முடியவில்லை. அதே பிள்ளைகளில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு, அதை இயக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதில் தவறு என்னுடையது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி வெண்டைக்கு மருந்து கேட்டு என்னிடம் வந்தான். ஒன்பதாவதோடு நின்றவன், 20 வயது இருக்கும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் 40 சென்ட் வெண்டையை அவன்தான் பார்த்துக்கொண்டான். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒரு மருந்தின் பெயரையும், 'லிட்டருக்கு 0.5 மி.லி.' என்பதையும் சீட்டில் எழிதிக் கொடுத்தேன். 'புரிஞ்சுதா தம்பி?' என்று கேட்டேன். 'புரிஞ்சுது சார்' என்று தலையாட்டினான். 25 வருடமாக விவசாயிகளைப் பார்க்கிறேன். புரியாதவர்கள்தான் சீக்கிரம் தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் திரும்ப வந்தான். 'சார், ரெண்டு டேங்குலயே பாட்டில் தீந்துபோச்சு. இன்னொண்ணு வாங்கணுமா?'

100 மி.லி. பாட்டில் அது. 10 லிட்டர் டேங்குக்கு 5 மி.லி. வீதம் ஊற்றினால் 20 டேங்குக்கு வரும். அவன் புள்ளியை விட்டுவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. என்று படித்து, டேங்குக்கு 50 மி.லி. ஊற்றியிருக்கிறான். பத்து மடங்கு! தலைவலியும் குமட்டலும் இருப்பதாக அவன் சொன்னது அதன் பிறகுதான். மருந்து பாட்டிலையும் கையில் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன். நல்லவேளை, மாலையில் வீடு திரும்பிவிட்டான். தெளித்த பாத்திகளில் இலை ஓரம் கருகிவிட்டது. இரண்டு பறிப்புக் காயை சந்தைக்கும் அனுப்பாமல், மாட்டுக்கும் போடாமல் குழி தோண்டிப் புதைத்தோம். அவன் அப்பா கட்டிலில் படுத்தபடி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் காய் யார் வீட்டுக் குழம்பில் போயிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

'டேங்குக்கு 5 மி.லி.' என்று இன்னொரு வரி நான் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து அவனை டீக்கடையில் பார்த்தேன். 'புள்ளி இருந்துச்சு சார். அது எதுக்குன்னு தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு' என்றான். பக்கத்திலேயே மளிகைக் கடை. எலெக்ட்ரானிக் தராசில் யாருக்கோ தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். 0.500 என்று எண் ஓடி நின்றது. 'அது எவ்வளவு தம்பி?' என்றேன். 'அரைக் கிலோ' என்றான், பளிச்சென்று. அடுத்து 0.250. 'கால் கிலோ.' அடுத்து 1.750. 'ஒண்ணேமுக்கால்.' பிறகு அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி உள்ளங்கையில் 0.5 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். 'அரை' என்றான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அடச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டான்.

தசமப் புள்ளி அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தராசில் பார்த்ததும் டப்பாவில் பார்த்ததும் ஒரே கணக்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் 'கணக்கு வராது' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து பிரியாணி வாங்கினால் தலைக்கு எவ்வளவு என்று மனதுக்குள் வகுத்துவிடுவான். தாளில் வகுத்தல் குறியைப் பார்த்தால் வியர்த்துவிடும்.

நம் தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள். கைநாட்டு வைத்தவர்கள்கூட அரைக்கால், மாகாணி என்று மனக்கணக்காகவே பங்கு பிரிப்பார்கள். அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. டெல்டாவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று வாயிலேயே நிலத்தை அளந்துவிடுவார்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்து இதையெல்லாம் மனப்பாடம் செய்தவர்களிடமிருந்து காதுவழியாக வந்த கணக்கு அது. நெல் அளப்பதில் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலையே அவர்களுக்கு வாத்தியார்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்து அவன் முன்னால் வைத்துவிடாதீர்கள். 22 வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான் என்றீர்களே, அது திமிர் இல்லை, பயம். நீங்கள் டப்பாவை நீட்டியதும் அவனுக்கு அது பரீட்சைத் தாளாகத் தெரிகிறது.

'எனக்குக் கண்ணு சரியாத் தெரியலடா, இதை வாசிச்சுச் சொல்லு' என்று கேளுங்கள். நம் வயதில் இது பாதி உண்மைதானே! தினமும் ஒரு துண்டு. கூட்டுறவு சங்கத்து நோட்டீஸ், மின்வாரிய ரசீது, இந்த இதழில் நாலு வரிக் கேள்வி பதில் எதுவானாலும் சரி. வாய்விட்டு வாசிக்க வேண்டும். திக்கினால் நடுவில் புகுந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். காத்திருங்கள். கடைக்குப் போன இடத்திலிருந்து அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், 'எனக்குச் சத்தம் கேக்கல, எழுதி அனுப்பு' என்று சொல்லிவிடுங்கள். பல பையன்கள் போனில் பேசியே அனுப்புவதற்குக் காரணம், தமிழில் டைப் செய்யக் கூச்சப்படுவதுதான்.

இரண்டாவது, வீட்டு வரவு செலவு நோட்டை அவனிடம் ஒப்படையுங்கள். 80 பக்க நோட்டு போதும். உழவு, விதை, ஆள் கூலி, மருந்து, டீ செலவு உட்பட அன்றன்றைக்கு எழுத வேண்டும். வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்கட்டும். போன் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம், ஆனால் முதலில் கையால் கூட்ட வேண்டும். தப்பாக வந்தால் திட்ட வேண்டாம் என்று அவன் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். நான் பார்த்தவரை, பிள்ளைகள் நோட்டை மூடிவைப்பது பெரும்பாலும் அப்பாவின் ஒரு வார்த்தையால்தான்.

மூன்றாவது, மூட்டையும் டப்பாவும். யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவிகிதம். சதவிகிதம் என்றதும் மிரள்வான். 'நூத்துக்கு ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதேதான் இதுவும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. அப்படியென்றால் 45 கிலோ மூட்டையில்? 20 கிலோ 700 கிராம். இதை ஒருமுறை அவனே போட்டுப் பார்த்துவிட்டால், டி.ஏ.பி. மூட்டையில் 18:46 என்று ஏன் அச்சடித்திருக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

மருந்து டப்பாவில் உள்ள நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்றாலும் அது மருந்துதான், குடிக்கிற சர்பத் இல்லை. அளவு போட மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். அரை மில்லிக்கும் 5 மில்லிக்கும் உள்ள தூரம் அதில் கண்ணுக்கே தெரியும். அதை மருந்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நெல் போடும்போது அவனையும் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து, சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய் ஆகிறது. 40 கிலோ சிப்பம் 1,000 ரூபாய். சன்ன ரகம் 2,545 என்றால் ஒரு சிப்பம் எவ்வளவு என்று அங்கேயே நின்று போடச் சொல்லுங்கள். நிலையத்தில் கொடுக்கும் ரசீதோடு ஒத்துப்பார்க்கட்டும். தன் வீட்டுப் பணம் என்றால் புத்தி தானாகவே கூர்மையாகும்.

வட்டிக் கணக்கை விட்டுவிடக் கூடாது. இதில்தான் பல குடும்பங்கள் மூழ்குகின்றன. 50,000 ரூபாய்க்கு மூணு வட்டி என்றால் மாதம் 1,500, வருடம் 18,000. கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் நமக்கு வட்டியே இல்லை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வாங்கும்போது 'மாசம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. மாதத் தவணையை மாதங்களால் பெருக்கிப் பார்த்தால் பாதிப் பேர் பழைய வண்டியே போதும் என்று வந்துவிடுவார்கள்.

தினமும் அரை மணி நேரம், மூன்று மாதம். அதற்குள் வித்தியாசம் தெரியும். நான் சொன்ன வெண்டைக்காரத் தம்பி இப்போது அவன் தெருவில் பத்து வீட்டுக்கு மருந்து அளவு போட்டுக் கொடுக்கிறான். என் சீட்டில் டேங்க் கணக்கு எழுதவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு போவான்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். 'ஏழாவதோடு நின்றுவிட்டேன். வயது 24. இனி சான்றிதழ் வாங்கி என்ன பிரயோஜனம்?' என்கிறார். இருக்கிறது, தம்பி. பன்னிரண்டரை வயது நிறைந்த யாரும் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாகத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையங்களில் விண்ணப்பிக்க வேண்டும். எட்டாவது தேறினால் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. பத்தாவது தேறினால் இன்னும் பல கதவுகள். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டும் உரிமம் பெறக்கூட பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பத்தாவதில் ஒரு பாடத்தில் தவறியவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் எழுதினால் போதும். புதுக்கோட்டைத் தம்பிக்கும் இது பொருந்தும், கணக்கில் 35 மதிப்பெண்தான் பாக்கி.

எழுத்தே தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' நடக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள், விவரம் சொல்வார். ஆடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு என்று தொழில் கற்க நினைப்பவர்களுக்கு மாவட்டந்தோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 18 வயது நிறைந்திருந்தால் சாப்பாட்டோடு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் அங்கும் கடன் விண்ணப்பத்தில் தீவனச் செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கட்டம் இருக்கும். அதை நிரப்பத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

புதுக்கோட்டைச் சகோதரிக்கு ஒரு வேலை தருகிறேன். மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு 40 முதல் 45-ம் நாளில் மண் அணைக்கும்போது ஜிப்சம் போட வேண்டும், இல்லையென்றால் காய் பொக்காகப் போகும். ஏக்கருக்கு 160 கிலோ. உங்கள் கடலை 60 சென்ட். ஏக்கருக்கு 100 சென்ட். மூட்டை 50 கிலோ. எத்தனை கிலோ வேண்டும், எத்தனை மூட்டை வாங்க வேண்டும், எவ்வளவு மிச்சமாகும்? விடையை நான் இங்கே போடப் போவதில்லை. உங்கள் மகன் கையெழுத்தில், இன்லேண்டு லெட்டரிலேயே வரட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தப் படியில் தவறியது என்று எழுதி அனுப்புகிறேன்.

மக்காச்சோளப் படைப்புழு பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.